கோஸ் தெருவில் காணாமல் போன மூன்று படங்கள்

பழைய ஃபிலிம் கேமராவை எடுத்துக்கொண்டு நியூ ஜெர்சியின் கொரியத் தெருக்களில் படம் எடுக்கப் போகலாமா, திட்டுவார்களா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போகலாம். திட்டுவார்கள். நான் போனது 1998 நவம்பரில். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். கணவர் முரளி ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கில் கான்ட்ராக்டர். நான் அவரைச் சார்ந்து வந்த H-4 விசா. வேலை செய்யக் கூடாது, சம்பாதிக்கக் கூடாது, ஜர்னல் ஸ்கொயர் அப்பார்ட்மென்ட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் போவதை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கேமரா பார்சிப்பனியில் ஒரு கராஜ் சேலில் கிடைத்தது. இருபத்தைந்து டாலர். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டி. கண்ணில் வைத்துப் பார்க்கிற கேமரா இல்லை. வயிற்றருகே பிடித்துக்கொண்டு, மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். எங்கள் வீட்டருகே மருந்துக் கடையில் இந்த ரோலைக் கழுவ வெளியூருக்கு அனுப்பிவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். கொரியர்கள் இருக்கும் ஊரில் ஒருவர் கையாலேயே கழுவிக் கொடுக்கிறார் என்று யாரோ முரளியின் ஆபீஸில் சொல்ல, அப்படித்தான் அந்த ஊருக்கு முதலில் போனேன்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. பயணக் கட்டுரைக்கு இது பெரிய குறைதான். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குத் தெற்கே, ஹட்சனுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாலைந்து சின்ன ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜர்னல் ஸ்கொயரிலிருந்து ஒன்பது மைல். சனிக்கிழமை காலை எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, யூனியன் சிட்டியில் இறங்கி மாறினால் பத்து மணிக்குள் போய்விடலாம். போக வர ஐந்து டாலருக்குள் ஆனது.

பெரிய தெரு என்று ஒன்றுதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். போர்டுகள் எல்லாம் கொரிய எழுத்து. நவம்பரில் அந்தத் தெருவுக்குக் கோஸ் வருகிறது. நம்மூர் உருண்டை முட்டைக்கோஸ் இல்லை; கை நீளத்துக்கு, வெளிர்பச்சையாக, மூங்கில் கூடை மாதிரி அடுக்கடுக்கான இலையோடு இருக்கும். குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சி ஊறுகாயை எல்லா வீட்டிலும் அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் போட்டு முடிக்கிறார்கள். மளிகைக் கடைகளுக்கு வெளியே நடைபாதையில் பெட்டி பெட்டியாகக் கோஸ், மூட்டை மூட்டையாகக் கல் உப்பு. முன்னால் பெரிதாக நீட்டிய பிளாஸ்டிக் தொப்பி போட்ட பெண்கள் ஒவ்வொரு கோஸையும் தூக்கி எடை பார்த்து, தட்டி, திருப்பிக் கீழே வைத்துப் பேரம் பேசினார்கள். தெருவே பூண்டு மணத்தது. எனக்குக் கை பரபரத்தது.

முதல் சனிக்கிழமை ஒரு ரோல் முழுவதும் எடுத்தேன். மீன் வெட்டுகிறவர், முடிதிருத்தகத்தில் காய் நகர்த்தி விளையாடுகிற இரண்டு பேர், பிறகு ஒரு மளிகைக் கடையின் பக்கச் சந்தில் கோஸை இரண்டாகப் பிளந்து உப்பு தூவிக்கொண்டிருந்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும். ரப்பர் ஏப்ரன், ரோஜா நிறக் கையுறை. அவளை மட்டும் மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதில் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே உள்ளே போய்விட்டாள். மீதி மூன்றையும் நடைபாதைக் கோஸ் பெட்டிகளில் தீர்த்தேன்.

அதற்குப் பிறகு தெருவின் முகம் மாறியது. மளிகைக் கடையிலிருந்து சுருட்டை முடி வைத்த ஐம்பது வயதுப் பெண்மணி வெளியே வந்து, “நோ பிக்சர்!” என்றார். அடுத்த கடையில் நான் நுழையும் முன்பே ஒருவர் கதவருகே வந்து நின்றார். முடிதிருத்தகத்தில் திரையை இழுத்து விட்டார்கள். நான் நகர நகர, ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு ஏதோ சொல் என்னை முந்திக்கொண்டு போவது தெரிந்தது. சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு, வயிற்றில் ஒரு பெட்டியை வைத்து, குனிந்து குனிந்து பார்க்கிறவளை நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஃபோட்டோ கடை தெருக்கோடியில். அதன் உரிமையாளரை மிஸ்டர் பாக் என்று சொல்கிறேன். நிஜப் பெயர் வேறு. ஒல்லியான, இருமிக்கொண்டே இருக்கும் மனிதர். கேமராவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தன் வாத்தியாரிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது என்றார். அந்தத் தைரியத்தில் நான் பெருமையாகச் சொன்னேன், முரளி எனக்கு ஒரு ஹோம்பேஜ் செய்து கொடுத்திருக்கிறார், படமெல்லாம் இன்டர்நெட்டில் போடப் போகிறேன், உலகமே பார்க்கலாம் என்று. அவர் சிரிப்பதை நிறுத்தியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழுவிப் பிரிண்ட் போட எட்டு டாலர். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை உறையைப் பிரித்தால் ஒன்பது படம்தான். இந்த ரோலை மூன்று மூன்றாக நறுக்கிக் கொடுப்பார்கள். நான்கு துண்டு இருக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு இருந்தது, பத்து முதல் பன்னிரண்டு இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது இல்லை.

“லைட் உள்ளே போய்விட்டது. கெட்டுவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டேன்,” என்றார் மிஸ்டர் பாக், என் முகத்தைப் பார்க்காமல்.

வெளிச்சம் புகுந்திருந்தால் ஆறாவதின் ஓரமும் பத்தாவதின் ஓரமும் புகைந்திருக்க வேண்டும். இரண்டும் சுத்தமாக இருந்தன. உறையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த மூன்று படத்தில் என்ன இருந்தது என்றே யோசித்தேன். உப்பு தூவிய பெண். அந்தச் சந்தில் வேறென்ன இருந்தது? கடைக்குள் என்ன நடக்கிறது?

முரளி கேட்டுவிட்டு டிவியை மியூட் செய்தார். “அவன் எடுத்து வச்சிருக்கான். நல்ல படமா இருந்திருக்கும், அவன் யூஸ் பண்ணிப்பான்.”

“அப்படின்னா திருட்டுதானேங்க? போலீஸ்ல கம்ப்ளெயின்ட் பண்ணா?”

“உனக்கென்ன பைத்தியமா? கிரீன் கார்டு அப்ளை பண்ணப் போற டைம்ல போலீஸ் ஸ்டேஷன்ல போய் உன் பேரு எழுதிட்டு வரப் போறியா? மூணு ஃபோட்டோ. விட்டுடு.”

விட முடியவில்லை. அந்த ஏழு மாதத்தில் என்னுடையது என்று நான் செய்தது அந்தப் பன்னிரண்டு படம்தான். மூன்றாவது சனிக்கிழமை, முரளி தூங்கி எழும் முன் கிளம்பிவிட்டேன்.

மிஸ்டர் பாக்கிடம் நேராகக் கேட்டேன். “கெட்டுப்போன துண்டைக் காட்டுங்கள். குப்பையில் இருந்தாலும் பரவாயில்லை.”

அவர் போனை எடுத்துக் கொரிய மொழியில் இரண்டு வரி பேசினார். ஐந்து நிமிடத்தில் “நோ பிக்சர்” பெண்மணி வந்து, எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினார். மிஸஸ் யூன் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் உடைந்த ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

“யாரிடம் வேலை பார்க்கிறாய்?”

“யாரிடமும் இல்லை.”

“இந்தியப் பெண்ணுக்குக் கொரியக் கடையில் என்ன வேலை? யார் பணம் கொடுக்கிறார்கள்?”

“எனக்கு யாரும் பணம் கொடுக்கக் கூடாது. என் விசா அப்படி.”

“என்ன விசா?”

அந்தக் கேள்வியில் எனக்குச் சுருக்கென்றது. இதைக் கேட்க இவர் யார்? சாத்திய கதவைப் பார்த்தேன். “என் ஃபிலிமைக் கொடுக்காவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன்,” என்றேன்.

போலீஸ் என்ற சொல் விழுந்ததும் மூன்று பேருமே அசையாமல் நின்றோம். மிஸஸ் யூனின் முகம் வெளுத்தது. மிஸ்டர் பாக் இருமலை அடக்கினார். நிஜமாகவே கூப்பிடச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. பயப்படுவதை மறைக்கத் தெரியாத மூன்று பேர் ஒரே அறையில் நின்றால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

முதலில் இறங்கி வந்தவர் மிஸ்டர் பாக். மேஜை டிராயரைத் திறந்து, ஒரு சின்ன உறையிலிருந்து துண்டை எடுத்து, விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையில் வைத்தார். “உன் ஃபிலிம். காசு கொடுத்தாய். எடுத்துக்கொள்.”

மிஸஸ் யூன் அவரிடம் கோபமாக ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“அந்தப் பெண்ணுக்குப் புருஷன் இருக்கிறான். டெக்ஸாஸில். அடிப்பான். கை இங்கே உடைந்தது, இங்கே உடைந்தது.” தன் கையிலேயே தொட்டுக் காட்டினார். “தேடுகிறான். எல்லா ஊர் கொரியரிடமும் ஆள் வைத்துக் கேட்கிறான். நீ இன்டர்நெட்டில் போட்டால்?”

நான் குனிந்து துண்டைப் பார்த்தேன். நெகட்டிவில் முடி வெள்ளையாக, முகம் கறுப்பாக இருந்தது. ஆனாலும் தெரிந்தது. மூன்றாவதுதான் நான் அதுவரை எடுத்ததிலேயே நல்ல படம். பிளந்த கோஸ் கையில் பாதி, தரையில் பாதி. உப்பு விரலிடுக்கில் நிற்கிறது. அவள் நேராகப் பார்க்கிறாள். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கதையை நான் முழுதாக நம்பவில்லை. விசா பேப்பர் இல்லாத ஆளை வைத்து வேலை வாங்குகிற கடைக்காரி, மாட்டிக்கொள்ளாமல் இருக்க இப்படி ஒரு கதை சொல்லலாம். முரளி கேட்டால் அதைத்தான் சொல்வார். ஆனால் இரண்டில் எது உண்மையாக இருந்தாலும், இந்தப் படம் வெளியே போனால் அடிபடப் போவது அந்தப் பெண்தான். அது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

“அவங்ககிட்டயே கொடுத்துடுங்க,” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மிஸஸ் யூன் என்னைத் தன் மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனார். பின்கட்டில் அந்தப் பெண் கோஸ் மலைக்கு நடுவே ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து குளிர் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். மிஸஸ் யூன் நிறையப் பேசிய பிறகு வந்தாள். துண்டை வாங்கி ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு இலை நறுக்கும் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் இரண்டு படத்தையும் சிறு சிறு துணுக்காக வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டாள். கூடவே வந்திருந்த மிஸ்டர் பாக், அந்த ஈரக் கத்தரி ஃபிலிமில் படுவதைப் பார்க்க முடியாமல் “ஐகோ” என்று கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதை அவள் அப்படி வெட்டவில்லை. கழுத்துக்குக் கீழே நேராக ஒரு கோடு வெட்டினாள். மேல்பாதியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கீழ்ப்பாதியை ஏப்ரனில் துடைத்து என்னிடம் நீட்டினாள். இரண்டு கை, பிளந்த கோஸ்.

“குட்?” என்றாள். அவள் என்னிடம் பேசிய ஒரே சொல் அது.

மிஸ்டர் பாக் அதைக் கழுவிக் காயவைத்து, காசு வாங்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கு மிஸஸ் யூன் எனக்கு ஒரு நிபந்தனை போட்டார். தெருவில் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் அவர் குனிந்து பெட்டிக்குள் பார்ப்பார், பிறகுதான் நான் அழுத்த வேண்டும். முதல் தடவை பார்த்தவர், ஓரத்தில் தெரிந்த ஒரு ஆளை விலகச் சொல்லி இடது பக்கம் கை காட்டினார். அவன் வலது பக்கம் இருந்தான். மூன்று தடவை இப்படி ஆனதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டிசம்பர் பாதி வரை ஆறு ரோல் எடுத்தேன். அவர் என் பக்கத்தில் நின்றதால் யாரும் திரை இழுக்கவில்லை. நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். நான் கிளம்பும்போதெல்லாம் பஸ் ஏறுகிற வரை ஒருவர் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோஸ் காலம் நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து. பனி கொட்டிவிட்டால் எல்லாம் உள்ளே போய்விடும். வெளிச்சம் காலை பதினொன்று வரை நன்றாக இருக்கும். முதல் நாள் கேமராவை எடுக்காதீர்கள், ஏதாவது வாங்குங்கள். மீன் சேர்க்காத கிம்ச்சி வேண்டும் என்றால் முன்கூட்டியே சொன்னால் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. உட்கார்ந்து வேலை செய்கிறவரை நின்றபடி எடுக்காதீர்கள், நீங்களும் உட்காருங்கள். படத்தை எங்கே போடப் போகிறீர்கள் என்பதை எடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். அந்தக் காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே அவர்களுக்கு நல்லதாக இருக்கலாம்.

பிப்ரவரியில் ஒருமுறை போனேன். பின்கட்டில் வேறொரு பெண் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். மிஸஸ் யூனிடம் மெதுவாக, “அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா?” என்று கேட்டேன்.

“எந்தப் பெண்?” என்றார்.

முதல் நாள் பார்த்த அதே பார்வை. என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். கடைக்குள் கூப்பிட்டு எனக்கு டீ கொடுத்திருக்கிறார். இருந்தாலும் கண்ணில் ஒன்றுமே இல்லை. அவளை வேறு ஊரில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்களா, அவன் கண்டுபிடித்துவிட்டானா, அல்லது அப்படி ஒரு புருஷனே கிடையாதா, எதையும் அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

“யாருமில்லை. வேறு கடையாக இருக்கும்,” என்றேன்.

மிஸஸ் யூன் தலையாட்டினார். பிறகு ஒரு பெரிய கோஸைத் தேர்ந்தெடுத்து, தட்டிப் பார்த்து, என் பையில் வைத்தார்.