காலியாக விட்ட கட்டம்

ஜோலின் ஷ்ராடருக்குப் பல் டாக்டராக வேண்டும். நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், சர்க்கரை காய்ச்சும் பீட்ரூட் விளையும் அவள் ஊரில், பல்வலி வந்தால் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கன்னம் வீங்கியவர்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு இந்த ஆசை வந்தது.

கல்லூரியில் மூன்று வருஷம் வேதியியலோடு மல்லுக்கட்டினாள். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண். டாக்டர்கள் பல் பிடுங்குவதைக் கையைக் கட்டி நின்று பார்த்ததே நூற்றிருபது மணி நேரம். அதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டுமாம். எல்லாவற்றையும் எழுதியவள் ஒரு கட்டத்தில் மட்டும் தடுக்கி விழுந்தாள். உங்கள் கைகளுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்ட கட்டம் அது.

மற்ற பிள்ளைகள் பியானோ, பின்னல் என்று வெட்கமில்லாமல் நிரப்பினார்கள். ஜோலின் காலியாக விட்டாள். தன்னைத் தானே மெச்சிக்கொள்வது அந்த ஊரில் அடுத்தவன் தட்டில் கைவைப்பதை விடக் கேவலம். அவள் அம்மா டார்லா, ஊர் உணவகத்தில் பரிமாறுபவள், அதில் ரொம்பக் கறார். பள்ளியில் பரிசு வாங்கி வந்தபோதுகூட, "சரி சரி, அதை உள்ள வை, யாராவது பார்த்துடப் போறாங்க" என்றவள்.

அந்த அடக்கம் நன்றாகத்தான் வேலை பார்த்தது. ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்ததில் எட்டிலிருந்து பதிலே இல்லை. ஒன்று மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அதுவும் கைவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் வீண் என்று அவளுக்கு அழுகையே வந்தது.

நேர்காணலில் ஆறு பேர். ஆளுக்கொரு மேசை, மேசையில் காகிதத்தில் வரைந்த நட்சத்திரம், பக்கத்தில் ஒரு கண்ணாடி. கையை ஒரு பலகை மறைத்திருந்தது. கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். பல் டாக்டருக்குப் பாதி வேலை கண்ணாடியில்தானே.

ஐந்து பேரின் பென்சிலும் வலப்பக்கம் போகச் சொன்னால் இடப்பக்கம் ஓடியது. ஒருவன் காகிதத்தையே கிழித்துவிட்டான். ஜோலின் நட்சத்திரத்தை முடித்து, சும்மா இருக்கப் பிடிக்காமல், கீழே தன் பெயரையும் எழுதினாள். கண்ணாடியில் அது நேராகத் தெரிந்தது.

தேர்வாளர் அம்மையார் குனிந்து பார்த்தார். "எங்கம்மா கத்துக்கிட்ட இதை?"

"கடை ஜன்னல் கண்ணாடியில விளம்பரம் எழுதுவேன் மேடம். வெளியில எழுதினா பனியில அழிஞ்சிடும். அதனால உள்ளேயிருந்து திருப்பி எழுதணும். பதினாலு வயசுலேருந்து எழுதறேன்."

"அப்புறம் ஏன் அந்தக் கட்டத்தைக் காலியா விட்ட?"

"அது என்ன பெரிய விஷயம்னு..."

அம்மையார் அவள் விண்ணப்பத்தை எடுத்து, அந்தக் கட்டத்தில் தானே ஏதோ எழுதிக்கொண்டார்.

டிசம்பரில், முடிவு சொல்லும் நாளன்று, ஜோலின் டயர் கடையின் ஜன்னலுக்குள் ஏணி மேல் நின்று கிறிஸ்துமஸ் தள்ளுபடி எழுதிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பேசி முடித்ததும் சிவப்பு வண்ணத்தில் தூரிகையை முக்கினாள். தள்ளுபடிக்குக் கீழே, வலமிருந்து இடமாக, எழுதினாள்: 'ஜோலின் பல் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள்.'

எதிர்ப்பக்கத்து உணவகத்திலிருந்து டார்லா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே பனியில் இறங்கி வந்தாள். ஜன்னல் முன்னால் நின்று, உதடசைய ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். வண்ண டப்பாவும் துணியுமாக ஏணியில் நின்றாள் ஜோலின். இப்போது திட்டு விழும், அம்மா அழிக்கச் சொல்வாள் என்று துணியைக்கூட நனைத்துவிட்டாள்.

டார்லா உள்ளே வந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"ஏண்டி, இவ்வளவு பொடிசாவா எழுதுவ? ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னா எனக்கே படிக்க முடியல. டயரை அழிச்சிட்டுப் பெருசா எழுது."