பக்கத்து இருக்கைக்காரியின் ஸ்கிரிப்ட்

லினக்ஸில் ஒரே திரைக்குள் நான்கு டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாம். ஒரு விசையைத் தட்டினால் இருப்பதெல்லாம் மறைந்து அடுத்தது வந்து நிற்கும். முதலாவதில் புரோகிராம் கோடு, இரண்டாவதில் மெயில், மூன்றாவதில் சர்வர் லாக், நான்காவதில் டீம் லீட் கண்ணில் படக்கூடாத என் சொந்த விவகாரங்கள். இதுதான் என் ஏற்பாடு.

எங்கள் ஆபீஸ் இருந்த ஹடப்சரில் அப்போது வியாழக்கிழமை என்றால் கரண்ட் போகும். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுவதற்குள் எங்கள் வரிசைக் கணினிகள் அணைந்துவிடும். யுபிஎஸ் இருந்தது பேருக்குத்தான். மறுபடி லாகின் செய்தால் எல்லா விண்டோவும் முதல் டெஸ்க்டாப்பிலேயே குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவந்தேன்.

அப்போதுதான் பக்கத்து இருக்கைக்கு ஒரு கோயமுத்தூர்ப் பெண் வந்து சேர்ந்தாள். வாய்க்கு வாய் அக்கா. வந்த சூட்டிலேயே ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதினாள். எந்த விண்டோ எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறது என்று அது அவ்வப்போது குறித்துக்கொள்ளும். லாகின் செய்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே அனுப்பிவிடும். அடுத்த வியாழக்கிழமை நான் இழுத்துக்கொண்டிருக்க, அவள் சாவகாசமாக டீ குடித்தாள். வரிசையே அவள் பின்னால் கூடிவிட்டது. எனக்கும் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். கையால் வைத்தால்தான் எனக்குத் திருப்தி என்றேன். வயிறு எரிந்தது.

லினக்ஸில் சந்தேகம் என்றால் அதுவரை எல்லோரும் என்னைத் தேடித்தான் வருவார்கள். அது போனாலும் போகிறதென்று விட்டிருப்பேன். ஆனால் ஜெர்மனியில் இருந்த கிளையண்டிடம் ஆறு மாதத்துக்கு ஒருவரை அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. அது எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரை ஊரிலிருந்து எங்கள் சாங்வி வீட்டுக்கு வரவழைப்பது வரை பேசியாகிவிட்டது. இப்போது டீம் லீட் காலையில் வந்ததும் நேற்று வந்தவளின் இருக்கைக்குப் போய் நிற்கிறார்.

அந்த ஸ்கிரிப்ட் எல்லோருக்கும் பொதுவான சர்வரில்தான் கிடந்தது. வரி வரியாகப் படித்தேன். ரசிக்கவா படித்தேன்? ஓட்டை தேடித்தான். கிடைத்தது. விண்டோவின் தலைப்பை வைத்துத்தான் அது அடையாளம் கண்டது. மெயில் விண்டோவின் தலைப்பிலோ படிக்காத மெயில்களின் எண்ணிக்கையும் இருக்கும். புது மெயில் ஒன்று வந்தால் தலைப்பு மாறிவிடும். ஸ்கிரிப்ட் திருதிருவென்று விழித்து, அதை முதல் டெஸ்க்டாப்பிலேயே விட்டுவிடும். அன்று சந்தோஷத்தில் கூடுதலாக ஒரு வடாபாவ் சாப்பிட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. டீம் மீட்டிங்குக்காகக் காத்திருந்தேன். எல்லாக் கணினியிலும் இதைப் போடப்போகிறோம் என்று டீம் லீட் ஆரம்பித்ததும் எழுந்து, போர்டில் படம் போட்டு, ஓட்டையை விளக்கினேன். அவள் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். மலர்ந்தது.

"ஆமாங்க்கா, இது எனக்குத் தோணவே இல்லீங்க்கா. எப்படிங்க்கா கண்டுபுடிச்சீங்க?"

டீம் லீட் மராட்டிக்காரர். அவருக்கு ஒரே ஆனந்தம். இவள் ஜெர்மனிக்குப் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம். இவ்வளவு நுணுக்கமாக வேறு யாரும் இதைப் படிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார்.

"அப் ஆப் ஹீ சம்பாலியே," என்றார் இந்தியில். இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அவள் போகிறாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவள் விமானம் ஏறிய வாரமும் கரண்ட் போய் வந்தது. வரிசையின் கடைசியிலிருந்து ஒருவன் என்னைக் கூப்பிட்டு, அவள் ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்றான். போய்ச் சரிசெய்தேன். விண்டோக்கள் ஒவ்வொன்றாக இடம் போய்ச் சேர்ந்தன. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, என்ன மூளை அந்தப் பெண்ணுக்கு என்றான்.