சம்பந்தியிடம் சேலஞ்ச் கூடாது

என் அக்கா வீட்டுக்காரர் நஞ்சுண்டனுக்குக் கணபதி என்ற ஊரில் பம்புசெட் உதிரிபாகப் பட்டறை. குடி, சீட்டு, அரசியல் எதுவும் கிடையாது. எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை சேர்க்கும் ஸ்கிராபிள் ஆட்டம் மட்டும் உண்டு. யாருக்கும் பயன்படாத ஆங்கிலச் சொற்களாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறார். விக்கலுக்கு ‘யெக்ஸ்’ என்பார். கறி வேகும் வாசனைக்கு ‘நைடர்’. ஞாயிறுதோறும் போத்தனூரில் ஜவுளிக்கடைக்கார மைதீன் பிச்சை வீட்டு மாடிப்படி ஏறும்போதே, “நைடர் தூக்குதுங்க பாய்!” என்று குரல் கொடுப்பார்.

“மொதல்ல ஆட்டம். அப்புறந்தான் பிரியாணி” என்பார் பாய்.

அந்த வீட்டு ஆட்டத்தில் வார்த்தை போட்டால் அர்த்தமும் சொல்லியாக வேண்டும். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் ‘சேலஞ்ச்’ என்பார். பாய் அலைபேசியில் அகராதியைப் பார்ப்பார். வார்த்தை பொய்யானால் போட்டவர் கட்டைகளைத் திரும்ப எடுக்க வேண்டும். மெய்யானால் சந்தேகப்பட்டவர் ஒரு முறை சும்மா உட்கார வேண்டும்.

இந்த வருஷம் மச்சானின் மகள் லோகப்பிரியாவை யஷ்வந்துக்கு நிச்சயம் செய்தார்கள். அவன் அப்பா தம்பிதுரைக்கு ஆனைமலையில் தென்னந்தோப்பு. அவரும் ஸ்கிராபிள் பிரியர் என்று தெரிந்ததும் மச்சான் ஜாதகத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

தகராறு, மண்டபம் எந்த ஊரில் என்பதில் வந்தது. கல்யாணம் தன் தோப்பில்தான் என்றார் தம்பிதுரை. லோகப்பிரியாவோ கணபதியிலேயே வேண்டும் என்றாள். பாயின் மகள் நிதா அவளுக்கு ஒன்றாம் வகுப்புத் தோழி. இப்போது எட்டு மாதம், தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஆனைமலை வரை வண்டியில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நிதா இல்லாம நான் மணவறையில உக்கார மாட்டேனுங்கப்பா.”

“ஒரு ஆட்டம் போடுவோமுங்க. செயிச்சவங்க சொல்ற எடம்” என்றார் தம்பிதுரை, சிரித்துக்கொண்டே. மச்சானும் தலையாட்டிவிட்டார். வெளிநாட்டிலிருந்து கல்யாண வேலைக்கென்று வந்திருந்த தாய்மாமன் நான், மண்டபத்துக்கென எடுத்த முன்பணத்தை மறுபடி பைக்குள் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பாய் வீட்டிலேயே ஆட்டம். முதல் முறையே தம்பிதுரை ‘ஜோல்பா’ என்று போட்டார்.

“மழ விட்டப்புறம் தென்ன மட்டையில இருந்து சொட்டற தண்ணிங்க. பிரேசில்ல சொல்லுவாங்க.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பாவை, நாலு பேர் எதிரில், பொய் சொல்கிறீர்கள் என்று பெண்ணைக் கொடுப்பவர் எப்படிச் சொல்வார்?

“அருமையான வார்த்தைங்க சம்பந்தி” என்றார் மச்சான்.

அடுத்து ‘டிராவெக்’ வந்தது. முற்றாத தேங்காயின் மேல்தோலாம். மச்சான் அதையும் பாராட்டினார். சம்பந்தி புள்ளிகளில் எங்கேயோ போய்விட்டார். கதவோரம் நின்ற லோகப்பிரியாவின் முகம் சுருங்கியது. பக்கத்தில் நிதா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “உங்கப்பாவுக்கு வாயில என்னடி கொழுக்கட்டையா?” என்றாள்.

மச்சான் எழுந்து போய் முகம் கழுவி வந்தார். வந்ததும் சி, டபிள்யூ, எம் என்று மூன்று கட்டைகளை வைத்தார்.

“அது... வந்துங்க... மலைக்கு நடுவால கிண்ணமாட்டம் ஒரு பள்ளமுங்க.” திருட்டு முழி முழித்தார். நெற்றியைத் துடைத்தார்.

தம்பிதுரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “உயிரெழுத்தே இல்லாம ஒரு வார்த்தைங்களா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணுமுங்க சம்பந்தி. பாய், சேலஞ்ச்!”

பெண் வீட்டுக்குத்தான் வாய்ப்பூட்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு எந்தத் தடையும் இல்லையே.

பாய் தேடினார். “இருக்குதுங்க. வேல்ஸ் தேசத்து வார்த்தை. நீங்க ஒரு முறை உக்காருங்க.”

சும்மா உட்கார்ந்த சம்பந்தி, அடுத்து மச்சான் வைத்த ‘ஜாக்ஸ்’ஐ உற்றுப் பார்த்தார்.

“கூரைக்குப் போடற கல்லோட்டைச் சீவற கருவிங்க” என்று மச்சான் மென்று விழுங்கினார்.

“இது சத்தியமாப் பொய்யி. சேலஞ்ச்!”

“இதும் இருக்குதுங்க” என்றார் பாய், வெற்றிலைச் சிரிப்போடு. “உக்காருங்க.”

மச்சான் தடையில்லாமல் போட்டுக்கொண்டே போனார். ஆட்டம் முடியும் நேரத்தில் ஐந்தாறு புள்ளிதான் குறைவு. கையில் மிஞ்சியவை வி, யு, எல், டி, ஓ. அத்தனையையும் ஒரே வரிசையில் வைத்தார். இந்த முறை திக்கவில்லை, முழிக்கவில்லை. மகளைப் பார்த்தார், பிறகு சம்பந்தியின் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

“வல்டோ. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, பொண்ணு மனசறிஞ்சு, மண்டபத்தை விட்டுக் குடுக்கற பெருந்தன்மைங்க.”

தம்பிதுரையின் வாய் ‘சேல...’ என்று திறந்தது, அப்படியே நின்றது. பாய் அலைபேசியை மெல்லக் கவிழ்த்து வைத்தார். தம்பிதுரை கதவோரம் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். நிதா சட்டென்று முந்தானையால் வாயை மூடினாள்.

“நல்ல வார்த்தைங்க” என்றார் கடைசியில். “நாங்கூட எங்கியோ படிச்சிருக்கறனுங்க. மண்டபம் கணபதியிலயே பாத்துக்குங்க.”

லோகப்பிரியா நிதாவைக் கட்டிக்கொள்ள, “பாத்துடி, புள்ள நசுங்கீரும்!” என்று பாயின் சம்சாரம் உள்ளிருந்து கத்தினார்.

எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. கை கழுவும் இடத்தில் பாயைத் தனியாகப் பிடித்தேன்.

“நெஜமாலுமே அப்படி ஒரு வார்த்தை இருக்குதுங்களா பாய்?”

“கல்யாணம் நல்லபடியா முடியட்டும் தம்பி” என்றார் அவர், துண்டை நீட்டியபடி. “அப்புறம் பாத்துச் சொல்றேன்.”