பூண்டு மணத்த கொய்யா மரம்

கொய்யாப்பழம் மரத்தடியில் விழுந்து புளித்தால் ஒரு வாசனை வருமே... பாதி இனிப்பு, பாதி ஊசிப்போன சோறு... கல்யாணமாகி மந்தைவெளியில் நாங்கள் குடிபோன வீட்டில் என்னை முதலில் வரவேற்றது அதுதான்.

கொல்லையில் ஒரே ஒரு மரம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். காய்த்துத் தள்ளும், ஆனால் ஒரு பழத்தை நம்பிக் கடிக்க முடியாது. பிட்டால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். காயாக இருக்கும்போதே பழ ஈ வந்து முட்டை வைத்துவிட்டுப் போய்விடும்.

முன்பக்கம் வீட்டுக்கார மாமாவும் மாமியும். ஐயங்கார் வீடு. பின் போர்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும். சாவி கொடுக்கும்போதே மாமா கறாராகச் சொல்லிவிட்டார்... அசைவம் கூடாது, பூண்டு வாசனையும் வரக் கூடாது.

நாங்களோ தேனிப் பக்கம். பூண்டு தட்டிப் போடாத ரசத்தை ரசம் என்றே ஒப்புக்கொள்ளாத குடும்பம். ஜன்னலைச் சாத்தி, ரெண்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுத்தான் தாளிப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைப்பு வேறு.

அந்த வருஷம் மாமாவுக்குக் கார் ஆசை வந்தது. நிறுத்த இடம் வேண்டும். இந்தத் தடவையும் புழுதான் என்றால் மரத்தை வெட்டிவிட்டு ஷெட் போடப் போகிறேன் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

மாமி தடுக்கவில்லை. ஆனால் அந்த மரத்தடி மாமிக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அடுக்களை வேலை ஒழிந்து, சாயங்காலக் காப்பிக்கு முன்னால், தினமும் அந்தத் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்வார். படிக்க மாட்டார், பாட மாட்டார், கையில் ஜபமாலை கூட இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பார். லீவு நாளில் ஒருமுறை நானும் போய் ஏதோ தொணதொணத்தபோது சொன்னார்.

"இந்த ஆத்துல எனக்குன்னு இருக்கற எடம் இது ஒண்ணுதாண்டி."

வருத்தமாகக் கூடச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சொன்னார்.

அப்போது தி.நகரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. பக்கத்து சீட் ஸ்டெல்லாவுக்குச் சாந்தோமில் சொந்த வீடு, அங்கேயும் கொய்யா. டிபன் பாக்ஸில் அவள் கொண்டுவரும் பழத்தில் புழுவே இருக்காது. எப்படி என்று கேட்டேன்.

"பூண்டு, இஞ்சி, பச்சமொளகா... மூணையும் அரைச்சி வடிகட்டி, தண்ணி கலந்து காய் மேல அடி. அந்த நாத்தத்துக்கு ஈ கிட்ட வராது. மழ பெஞ்சா மறுபடி அடிக்கணும்."

போச்சுடா. உலகத்தில் வேறு செடியே இல்லையா...

பூண்டைத் தவிர மற்ற எல்லா வாசனையையும் முயன்று பார்த்தேன். மரத்தைச் சுற்றி சாமந்திச் செடி வைத்தேன். வேப்பிலையைப் போட்டுப் புகை மூட்டினேன். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ நொச்சிக் கொத்து ஒடித்துவந்து கிளையில் கட்டினார். ஈக்கள் கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்துகொண்டுதான் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே என்று மாமி கேட்டார். ஸ்டெல்லா சொன்ன பூண்டு வைத்தியத்தை உளறிவிட்டேன். காதைப் பொத்திக்கொள்வார் என்று நினைத்தேன். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஜன்னலைச் சாத்திண்டு ரசம் வெக்கறயே... அதுக்குப் போடற பூண்டு போறுமா, இன்னும் வேணுமா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மாமி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மாமா வெளியே போயிருக்கும்போதே அடித்துவிடலாம், உன் மிக்ஸியிலேயே அரைத்துவிடு என்றார்.

இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் ஊற்றி நான் அடிக்க, மாமி கிளையை வளைத்துப் பிடித்தார். முதலில் முந்தானையால் மூக்கை மூடியிருந்தார். ஒரு கை போதாமல் அதையும் விட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யார் வீட்டில் பூண்டு என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

"நம்மாத்துலதான்னா. மரத்துக்கு." அவ்வளவுதான் மாமி சொன்னது. மாமா என்ன நினைத்தாரோ, நேரே குளிக்கப் போய்விட்டார்.

மழை பெய்யப் பெய்ய மறுபடி அடித்தோம். எல்லாப் பழமும் தப்பித்தது என்று சொன்னால் பொய். ஆனால் முதலில் பழுத்ததை மாமி நறுக்கியபோது உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புழு இல்லை. பெருமாளுக்குக் காட்டாமல் தண்ணீர் கூடக் குடிக்காதவர்... பூண்டு பட்டதைப் பெருமாள் முன்னால் வைக்க முடியாதே. பூஜை அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. மாமா காரைத் தெருவில்தான் நிறுத்தினார்.

இப்போது நான் வேளச்சேரியில், ஏழாவது மாடியில். கொய்யாப்பழம் வருஷம் முழுக்க, வெள்ளை நுரை வலைச்சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வருகிறது. புழு இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு பூண்டு வேண்டுமானாலும் தட்டலாம், கேட்க ஆளில்லை. திரும்பிப் போக ஒரே ஒரு மத்தியானம் கிடைக்கும் என்றால், கண் எரிய எரிய நின்ற அந்த மத்தியானத்தைத்தான் கேட்பேன்.

மாமா காலமான பிறகு பிள்ளைகள் வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே இடத்தில் அபார்ட்மென்ட், மாமிக்கு ரெண்டாவது மாடி. போன மாதம் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மாமி கீழேதான் இருப்பாங்க, தினம் இந்த நேரத்துக்கு அங்கதான் என்றார் வாட்ச்மேன்.

கார் பார்க்கிங்கில், பழைய கொல்லை இருந்த பக்கம், ரெண்டு காருக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமி. சும்மா உட்கார்ந்திருந்தார்.

இங்கே என்ன மாமி செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இங்க கொஞ்சம் காத்து வரதுடி."

காற்று வரவில்லை. டயர் வாசனைதான் அடித்தது. வாட்ச்மேனிடம் இன்னொரு நாற்காலி கேட்டு வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.