மாரியம்மன் கொடுத்த ஒரு வார்த்தை

போன ஆடி மாதம், பாரூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார். அதே கம்பெனியில் வேலை செய்யும் என் கொழுந்தன்தான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் போய்ப் பார்த்தபோது வாய் கோணியிருந்தது. வலது கையும் காலும் துவண்டு கிடந்தன. என்னையே பார்த்தார். பேச்சு வரவில்லை.

"இவருக்கு பி.பி. இருக்காம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க மேடம். போன மாசம்தான் கம்பெனி செக்கப்ல ஃபிட்டுன்னு சொன்னாங்க" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன், பாவி. பக்கத்தில் நின்ற கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரத்த அழுத்தம் ஏறி மூளையில் ரத்தம் கசிந்துவிட்டதாம். பிழைத்தாலும் பேச்சு வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊர் மாரியம்மனைத் திட்டித் தீர்த்தேன். வருஷம் தவறாமல் கூழ் ஊற்றினேனே, உனக்குக் கண் அவிந்துபோச்சா என்று கேட்டேன். பிறகு அவளிடமே மடியேந்தினேன். தாயே, அவர் சம்பாதிக்க வேண்டாம், நடக்கக்கூட வேண்டாம், ஒரே ஒரு வார்த்தை பேச வை என்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தும் ஐப்பசி முழுக்க ஒரு வார்த்தைகூட வரவில்லை. கஞ்சி ஊட்டினால் கடைவாயில் வழியும். துடைத்துவிடுவேன், அவர் கண்ணிலும் தண்ணீர் வழியும். விடியவே கூடாது என்றுதான் தினமும் படுத்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் கொழுந்தன் வந்தான். அண்ணனின் பி.பி. மாத்திரை அட்டையில் பாதியைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"உனக்கு எதுக்குடா?" என்றேன்.

"அடுத்த வாரம் செக்கப் அண்ணி. எனக்கும் பி.பி. இருக்கு. பி.பி. இருந்தா கான்ட்ராக்ட்ட நிறுத்திடுவாங்க. அண்ணனும் நானும் செக்கப் வந்தா மட்டும் போட்டுக்குவோம். நார்மல்னு வந்துட்டா அப்பறம் எதுக்கு மாத்திர?"

அப்படியென்றால் அண்ணனுக்கு பி.பி. இருந்தது முன்பே தெரியுமா என்று நான் அவனைக் கேட்பதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்து வாயைக் கோணிக்கோணி முயன்றார். எச்சில் ஒழுகியது.

"தெ... தெனம்" என்றார். "தெனம்... போடு."

கொழுந்தன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் சாமி படத்துக்கு முன்னால் விழுந்தேன். கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என் தாய்.

இப்போது நாலைந்து வார்த்தை பேசுகிறார். வலது கை வரவில்லை, வேலையும் போய்விட்டது. இரவில் அதை நினைத்து அழத்தான் செய்கிறேன். ஆனால் கொழுந்தன் தினமும் காலையில் வந்து, அண்ணன் கண் முன்னாலேயே தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறான். இவனையாவது விழாமல் காப்பாற்றினாளே என்று கும்பிடுகிறேன்.

அம்மாவை நம்புகிறவர்களே, மனம் விட்டுக் கேளுங்கள், இரங்குவாள். ஆனால் தலை சுற்றவில்லை, வலி இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிட்டு அவள் முன்னால் போய் நிற்காதீர்கள். கீழே விழுந்த அந்த நாள்வரைக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு வலியும் இருந்ததில்லை.