கடை இல்லாத வீட்டுக்குக் கடை வரி

எங்கள் வீட்டில் ஒரு கடை இருக்கிறது என்பதே வரி ஆபீஸ் அனுப்பிய நோட்டீஸைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்டின் டவுனில் அந்த இரண்டு அறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு நாள்கூட ஒரு வாடிக்கையாளர் படியேறி வந்து பார்த்ததில்லை. ஆனால் முன்னறை வணிக இடமாம். வீடு என்று சொல்லிப் பல வருடமாக அரசாங்கத்தை ஏமாற்றி வருகிறோமாம். வட்டியும் அபராதமும் சேர்த்துப் பாக்கியைக் கட்டாவிட்டால் வீட்டைப் பூட்டி சீல் வைத்து ஏலம் விடுவார்களாம்.

எல்லாம் அப்பாவின் போர்டு செய்த வேலை. அவர் நீலசந்திராவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊரெல்லாம் ஸ்கூட்டர் வாங்கியதும் கடையை மூடிவிட்டு, தகர போர்டை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். முன்ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று அதை மேலே சாய்த்து மாட்டினார். எழுத்தை உள்பக்கம் திருப்பி மாட்டியிருக்கலாம். மாட்டமாட்டார். தெருவில் போகிறவர்கள் அவரை முதலாளி என்று நினைக்க வேண்டும். அந்த ஆசை நிறைவேறியபோது அவர் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வரி ஆபீஸிலிருந்து யாரோ ஒருவர் வந்து தெருவில் நின்றபடியே செல்போனில் போர்டைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கதவைத் தட்டியிருந்தால் எங்கள் கடைச் சரக்கு முழுவதையும் காட்டியிருப்போம். ஒரு கட்டில், ஒரு டிவி, காயாத துணி.

நோட்டீஸ் அப்பா பெயருக்கு வந்திருந்தது. வீடு யாருடையது என்று வரி ஆபீஸில் பதிந்து வைப்பதற்கு இங்கே காத்தா என்று பெயர். அப்பா போனதும் காத்தாவை அம்மா பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். நான் சொல்லும்போதெல்லாம், "அவரு பேரை எடுத்துட்டா அவரையே வெளிய அனுப்பின மாதிரி ஆயிடும்டி" என்பாள். அவர் உயிரோடு இருந்தபோது இவள் எத்தனை தடவை வெளியே போகச் சொன்னாள் என்பது தெருவுக்கே தெரியும்.

நோட்டீஸின் பின்பக்கத்தில், பொடிக் கன்னட எழுத்தில், ஆட்சேபனை சொல்ல உரிமை உண்டு, அதைக் கேட்டு முடிவு சொல்லும்வரை பூட்டமாட்டோம் என்று இருந்தது. அதை நம்பி அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

"ஓனரே பரபேக்கும்மா. அவருதான் வந்து கையெழுத்துப் போடணும்."

"தீரிஹோதரு சார். செத்துட்டாரு. நான் அவரு சம்சாரம்."

"அப்ப காத்தாவை உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க."

"மாத்திக் குடுங்க சார்."

"பாக்கி கட்டினாத்தான் மாத்த முடியும்."

"பாக்கியே இல்லைன்னு சொல்லத்தானே வந்திருக்கேன்?"

"அதை ஓனர் வந்து சொல்லணும்."

அவர் கிண்டல் செய்யவில்லை, அதுதான் கொடுமை. கிளம்பும்போது குரலில் கருணை வழிய, "பணம் வேணா நீங்களே கட்டலாம்மா, யாரு கட்டினாலும் வாங்கிக்குவோம்" என்றார். ஆட்டோவில் அம்மா அழுதாள். "இந்த வயசுல வீட்டை விட்டு எங்கடி போவேன்?" எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தன.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. கூடவே மேளக்காரர்கள் இருவர். வரி கட்டாதவர் வாசலில் மேளம் அடித்து மானத்தை வாங்குவது அந்த ஆபீஸின் வழக்கம். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்கு எங்கள் தெருவைத் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு வீட்டு வாசலில் மேளம் என்றால் அர்த்தம் ஒன்றுதான். முதல் அடி விழுந்ததும் எதிர்வீட்டு ஆன்ட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். முனைப் பூக்கடைக்காரர் யாரும் கேட்காமலே மாலையோடு வந்தார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட ஆரம்பித்தார்கள். கூட்டத்தைப் பார்த்த மேளக்காரர்களும் பழக்கத்தில் சாவு மேளத்துக்கே மாறிவிட்டார்கள்.

நடுவில் நின்ற அதிகாரி அப்பாவின் பெயரை உரக்கப் படித்து, "அவரை வெளிய வரச் சொல்லுங்க" என்றார்.

அம்மா வாசலுக்கு வந்தாள். "கல்பள்ளி சுடுகாட்டுல இருக்காரு சார். மேளத்தோட அங்கயே போங்க. அவருக்கு மேளம்னா ரொம்ப இஷ்டம்."

கூட்டம் சிரித்தது. அதிகாரிக்கு முகம் சிவந்தது. "நீங்க யாரும்மா?"

"அதை உங்க ஆபீஸ்லயே கேளுங்க. குறை சொல்ல வந்தா நான் யாரும் இல்லையாம். யாரும் இல்லாதவகிட்ட எதுக்கு சார் பணம் கேக்கறீங்க?"

"இந்த மாலையை யாருக்கு சார் போடறது?" என்று பூக்கடைக்காரர் அவரையே கேட்டார்.

மேளம் நின்றது. செத்தவர் பெயரில் போட்ட உத்தரவை வைத்துக்கொண்டு பூட்டினால் கோர்ட்டில் நிற்காது என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஆன்ட்டி எல்லாருக்கும் டீ போட்டார், மேளக்காரர்களுக்கும் சேர்த்து.

சில நாளில் புது நோட்டீஸ் வந்தது. அதே கடை, அதே பாக்கி, அதே மிரட்டல். உரிமையாளர் என்ற இடத்தில் மட்டும் அம்மாவின் பெயர். அவளாகக் கேட்டபோது ஆயிரம் சட்டம் பேசினார்கள். வீட்டைப் பறிக்க ஓர் உரிமையாளர் தேவைப்பட்டதும், ஒரு சான்றிதழ்கூடக் கேட்காமல் அவளையே உரிமையாளர் ஆக்கிவிட்டார்கள். நான் அதைக் கசக்கி எறியப் போனேன். அம்மாவோ அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் காலையில் அவள் என்னை எழுப்பியபோது பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

கவுண்டரில் அதே ஆள். அம்மா நோட்டீஸை அவர் முன்னால் விரித்து, தன் பெயர்மேல் விரலை அழுத்தி வைத்தாள்.

"ஓனர் வந்திருக்கேன். எழுதிக்கோங்க, பாக்கியே இல்லை."