வாய் தைக்காத போர்வை

நான் சொல்வதில் பாதி புளுகு என்று என் மனைவி பிலோமி ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான். இது மற்றப் பாதி. நம்பாதவர்கள் வந்து என் வலது கை ஆள்காட்டி விரலைத் தொட்டுப் பார்க்கலாம். சித்திரை வெயிலிலும் அது மட்டும் ஐஸ் கட்டி. அந்த விரல் பட்டால் கொதிக்கிற டீயும் ஆறிவிடும்.

ஹார்பரில் மூட்டைகளுக்கு வாய் தைத்தவன் நான். ஒரு லட்சம் மூட்டை தைத்திருப்பேன். சரி, இரண்டு லட்சம். ரிட்டயர் ஆனதும் பிலோமியிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அவள் பழைய துணிகளை அட்டை வைத்துச் சதுரமாக வெட்டி, ஒட்டுப் போர்வை தைப்பாள். மேல்துணியையும் அடித்துணியையும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சேர்த்து, சுற்றிலும் மிஷின் ஓட்டுவாள். ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு சாண் தைக்காமல் விடுவாள். அதுதான் வாய். அதன் வழியாகப் போர்வையைத் தலையணை உறை மாதிரி வெளியே திருப்ப வேண்டும். கையை விட்டு நாலு மூலைகளையும் குத்தித் தள்ள வேண்டும். கடைசியில் வாயைத் தைத்து மூட வேண்டும். இதெல்லாம் என் இலாகா.

போன மழைக்காலத்தில் எதிர்வீட்டு ஜானட் ஒரு பை நிறையத் துணி கொண்டுவந்தாள். எல்லாம் அவள் புருஷன் ஹென்றியின் சட்டைகள், லுங்கிகள். காசிமேட்டிலிருந்து போன அவனுடைய மீன்பிடி லாஞ்சு கவிழ்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். ஹென்றி வரவில்லை. உடலும் வரவில்லை. துக்கப் பூசை வைத்துவிடலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஜானட் சம்மதிக்கவில்லை.

"வாய மட்டும் தெக்காதீங்க அங்கிள்," என்றாள். "முட்ச்சிட்டா அவரு கதையும் முட்ஞ்ச மாதிரி ஆயிடும். அவரு வரட்டும். அப்பால மூடிக்கலாம்."

"வந்து, என் சட்டையெல்லாம் ஏன்டி வெட்னேன்னு ஒதைக்கப் போறான்," என்றேன்.

சிரித்தாள். அந்த ஒரு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

பேய் ராத்திரியில் வரும் என்பார்கள். எனக்கு வந்தது மதியம் மூன்றரைக்கு. ஜானட் துணி கொடுத்த இரண்டாம் நாள். வெளியே பேய்மழை. கரண்ட் இல்லை. பிலோமி கால்மிஷினில் வேலையை முடித்துப் போர்வையை என் மடியில் போட்டாள்.

"யோவ், கைய வுட்டு மூலைய தள்ளு. தூங்கிடாத."

போர்வையைத் திருப்பினேன். மூன்று மூலைகள் வந்துவிட்டன. நான்காவதற்கு முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே ஈரம்.

"நனஞ்ச துணியவா தெச்ச?"

"காஞ்ச துணிதான். உன் கைதான் ஈரம்."

சளப்... சளப்... போர்வைக்குள்ளே சத்தம். படகின் அடியில் தண்ணீர் தட்டுகிற மாதிரி. டீசல் வாடை. உப்பு வாடை.

மூலையைத் தொட்டேன்.

மூலையும் என்னைத் தொட்டது...

விரல்கள். சில்லென்று. என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டன.

இழுக்கவில்லை. நெரிக்கவில்லை.

திருவிழாவில் தொலைந்த பிள்ளை பிடித்துக்கொள்வது போல... சும்மா.

கையை உருவிக்கொண்டேன். அதன் பிறகும் மூலை அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ குத்தியது போல, தானாக வெளியே வந்தது.

பச்சைக் கட்டம் போட்ட துணி. சொட்டச் சொட்ட நனைந்து.

"அந்த மூலையில நான் நீல லுங்கிதான வெச்சேன்..." என்றாள் பிலோமி.

குடையோடு வாசலில் ஜானட் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. பச்சைக் கட்டத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கு அவரு போட்டுகினு போன சட்ட அது," என்றாள்.

போர்வையை வாங்கி, வாய்க்குள் கையை விட்டாள். மழை விடும்வரை எடுக்கவில்லை. அழவும் இல்லை.

"வந்துட்டாரு அங்கிள்."

மறுநாள் காலை எண்ணூர்ப் பக்கம் ஹென்றியின் உடல் ஒதுங்கியது.

அடக்கம் முடிந்த சாயங்காலம் ஜானட் போர்வையோடு வந்தாள். கூடவே அவள் தம்பி நெல்சன். அவள் ஒருமுறை வாய்க்குள் கையை விட்டுத் துழாவினாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"யாருமில்ல. தெச்சிடுங்க."

இரண்டு லட்சம் மூட்டை தைத்த கை இது. அந்த ஒரு சாணைத் தைக்க இருட்டிவிட்டது. போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் தெருவைக் கடந்து போனாள்.

நெல்சன் மட்டும் நின்றான். ஆஸ்பத்திரியில் உடலை அடையாளம் காட்டியவன் அவன்தான்.

"மாமா பச்சைக் கட்டம் போட்ட சட்டைலதான் இருந்தாரு அங்கிள். அக்காவாண்ட சொல்லல... சட்ட முதுகுல ஒரு துண்டு இல்ல."

"மீன் கட்ச்சிருக்கும்."

"மீனு கத்திரிக்கோல் வெச்சிகினா சுத்துது? நேரா, சதுரமா வெட்டிகீது."

பிலோமி உள்ளே போய், சதுரம் வெட்டுகிற அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். நெல்சன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதே அளவுதான்."

போர்வையில் வெளியே தெரியும் சதுரம் அந்த அட்டையைவிடச் சிறியது. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்துவிடும். தைக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

கடலுக்குள் வெட்டியவர் யாரோ, அந்தக் கால் அங்குலத்தையும் சேர்த்துத்தான் வெட்டியிருந்தார்.